எண்ணூர் கழிமுகத்தில் கலங்கல் எண் தடம் புரண்டால்: அறிகுறிவாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

எண்ணூர் முகத்துவாரத்து நீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று விண்ணிலிருந்து பார்க்கப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2 படங்கள் இலவசம். அகோலைட், ஸ்நாப் போன்ற மென்பொருள்களும் இலவசம். கூகுள் எர்த் எஞ்சினில் உலாவியைத் திறந்து ஒரு மாலைப்பொழுதுக்குள் வரைபடமே போட்டுவிடலாம். தொல்லை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. முகத்துவாரத்தில் ஒரு சிவப்புத் திட்டு தெரிந்ததும் ‘கழிவைத் திறந்துவிட்டார்கள்’ என்று வாட்ஸ்அப்பில் படத்தை ஏற்றிவிடுகிறார்கள். அது மணல் திட்டு என்று மறுநாள் யாராவது நிரூபித்தால், அடுத்த முறை உண்மையாகவே கழிவு வரும்போது நம் படத்தை யாரும் மதிக்க மாட்டார்கள். எண்ணூரில் இந்த இழப்பு பெரிது.

இந்தக் கழி கணக்குக்கு எளிதில் மசிகிற இடமும் இல்லை. மேற்கிலிருந்து கொசஸ்தலையாறு, வடக்கும் தெற்குமாகப் பக்கிங்காம் கால்வாய், கிழக்கே கடல். கரையில் அனல்மின் நிலையம், நிலக்கரிக் குவியல், சாம்பல் குழாய்கள், துறைமுகம், இடையிடையே அலையாத்திப் புதர். பல இடங்களில் ஆழம் குறைவு. அகன்ற கடலுக்காக எழுதப்பட்ட சூத்திரங்கள் இங்கே வந்து தடுமாறுவதில் வியப்பில்லை.

கீழே உள்ளவை, நீரிலிருந்து திரும்பும் ஒளியை வைத்துக் கலங்கலைக் கணக்கிடும் டோக்லியோட்டி முறையைப் பயன்படுத்துகிறவர்களை மனத்தில் வைத்து எழுதியவை. எதிரொளிப்பு என்பது விழும் ஒளியில் திரும்பி வரும் பங்கு. அதன் சிவப்புப் பகுதி இதுதான்: கலங்கல் = 228.1 × எதிரொளிப்பு ÷ (1 − எதிரொளிப்பு ÷ 0.1641). விடை, கலங்கலை அளக்கும் எஃப்.என்.யு. அலகில் வரும். சிவப்பில் நீரின் எதிரொளிப்பு 0.05க்குக் கீழே இருந்தால் இதைப் பயன்படுத்த வேண்டும். 0.07க்கு மேலே போனால் அண்மை அகச்சிவப்புக்கான சூத்திரத்துக்கு மாற வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் இரு விடைகளையும் கலந்துகொள்ள வேண்டும்.

அறிகுறி: 2022 ஜனவரிக்குப் பிறகு நீர் திடீரென்று பல மடங்கு கலங்கிவிட்டது

முதலில் இதைப் பாருங்கள். பலரும் விழுகிற குழி. 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 படங்களைத் தயாரிக்கும் முறை மாறியது. ஒவ்வொரு பிக்சல் மதிப்பிலும் 1000 கூட்டி வைத்துத் தருகிறார்கள். இருண்ட பரப்புகளில் எதிரொளிப்பு சுழியத்துக்குக் கீழே போனால் அதையும் இழக்காமல் பதிவுசெய்வதற்காக அந்த ஏற்பாடு. பழைய வழக்கப்படி 10,000ஆல் மட்டும் வகுத்தால் எல்லாப் பட்டைகளிலும் (அலைநீளத்துக்கு ஒன்றாக எடுத்த பதிவுகளிலும்) 0.1 கூடுதலாக வரும். நிலத்தை ஆராய்கிறவர்களுக்கு இது சிறு உறுத்தல். நீரில் பேரழிவு. உண்மையான எதிரொளிப்பு 0.03 என்றால் மேலே உள்ள சூத்திரம் சுமார் 8 எஃப்.என்.யு. தரும். 0.13 என்று கொடுத்துப் பாருங்கள்: 140க்கு மேல் போகிறது.

தீர்வு: வகுப்பதற்கு முன் 1000ஐக் கழியுங்கள். எர்த் எஞ்சினில் ‘ஹார்மனைஸ்டு’ என்று பெயர் முடிகிற தொகுப்பை எடுத்தால் அங்கேயே கழித்திருப்பார்கள். அதில் நீங்களும் ஒருமுறை கழித்துவிடாதீர்கள். அகோலைட்டில் மூலப் படத்தையே கொடுத்தால் அது தானே பார்த்துக்கொள்ளும்.

அறிகுறி: கலங்கல் ஆயிரக்கணக்கில் வருகிறது, அல்லது எதிர்மறையாக வருகிறது

சூத்திரத்தின் வகுக்கும் பகுதியைப் பாருங்கள். எதிரொளிப்பு 0.1641ஐ நெருங்க நெருங்க அது சுழியத்தை நெருங்குகிறது. விடை வானத்துக்கு ஏறுகிறது. அதைத் தாண்டினால் எதிர்மறை. சிவப்பிலிருந்து அகச்சிவப்புக்கு மாறும் வரியை நிரலில் சேர்க்காமல் விட்டிருப்பீர்கள். அந்த வரி இருந்தும் இப்படி வந்தால் அந்தப் பிக்சல் நீரே இல்லை: படகு, பாலம், நுரை, கரை. கழியைக் கடக்கும் பாலங்களையும் குழாய்த் தடங்களையும் ஒருமுறை கையால் வரைந்து, நிரந்தரமாக நீக்கிவிடுவது நல்லது. எந்தத் தானியங்கி வடிகட்டியும் அதை அவ்வளவு சுத்தமாகச் செய்வதில்லை.

அறிகுறி: நடுவே தெளிவு, கரையோரம் மட்டும் எந்த நாளும் கலங்கல்

கரையோரம் உண்மையிலேயே கலங்கியிருக்கலாம். ஆனால் எந்தப் பருவத்திலும் மாறாமல், கரையை ஒட்டிய ஒரு பட்டை மட்டும் கலங்கியிருந்தால் ஐயப்படுங்கள். இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, பிக்சல் பாதி கரையிலும் பாதி நீரிலும் கிடப்பது. சிவப்புப் பட்டையின் பிக்சல் 10 மீட்டர். 705 நானோமீட்டர் பட்டைக்கும், அண்மை அகச்சிவப்பான 865 நானோமீட்டர் பட்டைக்கும் 20 மீட்டர். மற்றொன்று, பக்கத்து நிலத்தின் ஒளி காற்றில் சிதறி நீரின் பிக்சலுக்குள் வந்து விழுவது. அகச்சிவப்பில் செடிகள் பளபளப்பவை. நீரோ ஏறத்தாழக் கறுப்பு. அலையாத்திக்குப் பக்கத்து நீர் அந்தப் பளபளப்பைக் கடன் வாங்கிக்கொள்கிறது.

சோதனை எளிது. வண்டல் கலந்த நீரில் 865 நானோமீட்டர் எதிரொளிப்பு சிவப்பைவிடக் குறைவாக இருக்க வேண்டும். கரையோரப் பிக்சலில் அது சிவப்பைத் தாண்டியிருந்தால் நீங்கள் பார்ப்பது இலைகளின் ஒளி. கரையிலிருந்து 40 மீட்டராவது தள்ளி நில்லுங்கள். அந்த விதிப்படி பக்கிங்காம் கால்வாயின் பெரும்பகுதி கணக்கிலிருந்து போய்விடும், போகட்டும். இவ்வளவு ஒடுங்கிய கால்வாய்க்குக் கலங்கல் எண் சொல்கிறவர்களைக் கண்டால் நான் ஒதுங்கிக்கொள்கிறேன்.

காற்றில் சிதறும் ஒளியைக் கழிக்கும் வளிமண்டலத் திருத்தத்தையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். அதற்கான சென்2கோர் என்ற நிரல் நிலத்துக்காகச் செய்யப்பட்டது; காட்டையும் அடர்ந்த பசுமையையும் துணைக்கு வைத்துக்கொண்டு காற்றின் தூசியை மதிப்பிடுகிறது. கழிமுகத்துக்கு அகோலைட் பொருத்தம். சி2ஆர்சிசி என்ற மற்றொரு நிரல், தான் பயிற்சிபெற்ற வகை நீரில் நன்றாக வேலை செய்யும்; மிகவும் கலங்கிய நீரில் அதன் விடையை அப்படியே நம்ப வேண்டாம்.

அறிகுறி: ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை கடலில் அகலமான கோடுகள், முகத்துவாரத்துக்கு வெளியே வெளிறிய நீர்

சூரிய மினுக்கம். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேலே நிற்கிறது. இடைப்பட்ட மாதங்களிலும் செயற்கைக்கோள் கடக்கும் காலை பத்தே முக்கால் மணி வாக்கில் சூரியன் போதிய உயரத்தில்தான் இருக்கும். அலைகள் கண்ணாடித் துண்டுகள்போல் ஒளியை மேலே திருப்பிவிடுகின்றன. கோடுகள் ஏன்? சென்டினல்-2இன் கருவியில் 12 உணரிகள் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஒற்றைப்படை உணரிகள் ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்து பார்க்கின்றன, இரட்டைப்படை உணரிகள் எதிர்ப்பக்கம். கோணம் மாறினால் மினுக்கமும் மாறும்.

1610 நானோமீட்டர் பட்டையைச் சாட்சிக்கு அழையுங்கள். அந்த அலைநீளத்தில் நீர் ஒளியை ஏறத்தாழ முழுவதும் விழுங்கிவிடும். அங்கே ஏதாவது தெரிந்தால் அது மினுக்கம், நுரை, மேகம், புகை, படகு இவற்றில் ஒன்று. அகோலைட் 0.0215க்கு மேல் போகும் பிக்சல்களை நீர் அல்ல என்று தள்ளிவிடும். மினுக்கத் திருத்தத்தைப் போட்டுப் பார்க்கலாம். திருத்திய பிறகும் கோடு தெரிந்தால் படத்தைக் கைவிடுங்கள். புகைபோக்கியின் புகை கழியின் மேல் படிந்த நாளும் இதே கதைதான்; உண்மை நிறப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் புகையின் வாலும் அதன் நிழலும் தெரிந்துவிடும்.

அறிகுறி: கலங்கல் எண் மூன்று படத்துக்கு ஒருமுறை உயர்ந்து, தாழ்ந்து, மறுபடி உயர்கிறது

வரைபடத்தில் ரம்பப் பல்போல் ஒரு ஒழுங்கு தெரியும். ‘பதினைந்து நாளுக்கு ஒருமுறை யாரோ எதையோ திறந்துவிடுகிறார்கள்’ என்ற முடிவுக்கு வர மனம் துடிக்கும். திறந்துவிடுவது நிலா.

சென்டினல்-2 செயற்கைக்கோள் இணை ஐந்து நாளுக்கு ஒருமுறை, ஏறத்தாழ அதே கடிகார நேரத்தில் எண்ணூரைக் கடக்கிறது. ஓதமோ (கடல்நீர் ஏறி வற்றுவது) நாளுக்கு 50 நிமிடம் தள்ளிப்போகிறது. ஐந்து நாளில் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். பதினைந்து நாளில் சேர்வது 12 மணி 37 நிமிடம். ஒரு ஓதச் சுற்று 12 மணி 25 நிமிடம். ஆகவே மூன்று படம் தள்ளி வரும் படம், ஓதத்தின் ஏறத்தாழ அதே கட்டத்தைத்தான் மறுபடி பிடிக்கிறது. வேறுபாடு பன்னிரண்டு நிமிடமே. ஒரு வரிசைப் படங்கள் எப்போதும் ஓதம் ஏறும்போது, தெளிந்த கடல்நீர் உள்ளே வரும் நேரத்தில் விழும். மற்றொரு வரிசை எப்போதும் வற்றும்போது, கழியின் வண்டல் வெளியே இழுபடும் நேரத்தில் விழும். இந்த வரிசைகள் மெல்லத்தான் நகரும். ஒன்று மற்றொன்றின் இடத்துக்கு வர ஏறத்தாழ பத்தரை மாதம் ஆகும். அதனால் ஓராண்டுப் படங்களை வைத்து ‘கோடையில் கலங்கல் கூடுகிறது’ என்று சொல்பவரின் முடிவிலும் ஓதம் ஒளிந்திருக்கலாம்.

இதைப் பிரிக்கப் பெரிய கணினி மாதிரி எதுவும் வேண்டாம். வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டி போதும். கடிகார நேரம் மாறாதபோது, ஓதத்தின் கட்டத்தை முடிவுசெய்வது சூரியனுக்கும் நிலாவுக்கும் இடையே உள்ள கோணம். திதி என்பது அந்தக் கோணத்தின் அளவுதான். ஒரு திதிக்கு 12 பாகை. ஒவ்வொரு படத்துக்கும் எதிரே அன்றைய திதியைக் குறித்துக்கொண்டு, தசமிப் படத்தைத் தசமிப் படத்தோடும் திரிதியைப் படத்தைத் திரிதியைப் படத்தோடும் ஒப்பிடுங்கள். வளர்பிறையா தேய்பிறையா என்று பிரிக்க வேண்டியதில்லை. நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும் சென்னை ஓதத்துக்கு இரண்டும் ஒன்றே. அமாவாசையையும் பௌர்ணமியையும் வைத்து நீரோட்டத்தைக் கணிக்கிற மீனவர்களிடம் இதைச் சொன்னால் ‘இதற்கு ஒரு செயற்கைக்கோளா?’ என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

துறைமுக ஓத அட்டவணையை வைத்துச் செய்ய விரும்பினால் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சென்னைக் கடற்கரையில் பெரிய ஓத நாள்களில்கூட ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரை ஒட்டியே இருக்கும். அது கழிக்குள் நுழையும்போது தேய்ந்து, தாமதமாகிறது. முகத்துவாரத்தில் மணல் அடைத்திருக்கும் மாதங்களில் தாமதம் இன்னும் கூடும். அட்டவணை நேரம் கடலுக்கு உரியது; ரயில் பாலத்தடிக்கு உரியதன்று.

அறிகுறி: வற்றும்போது சில திட்டுகள் மட்டும் ஒரே இடத்தில் கலங்குகின்றன

மேலே சொன்ன ஓதத்தைப் பிரித்த பிறகும் அதே வடிவில் அதே திட்டு வந்தால், அது கலங்கல் இல்லை, தரை. ஆழம் ஒரு மீட்டருக்குள் வந்தால் பச்சை, சிவப்பு ஒளி அடிமணலைத் தொட்டுத் திரும்பும். 865 நானோமீட்டர் ஒளியால் அவ்வளவு ஆழம் போய் வர முடியாது. நீர் அதை வழியிலேயே உறிஞ்சிவிடும். இதுவே சோதனை. சிவப்பு உயர்ந்து 865 தாழ்ந்தே இருந்தால் தரை தெரிகிறது. இரண்டும் சேர்ந்து உயர்ந்தால் வண்டல். 1610உம் உயர்ந்தால் சேறு வெளியே வந்துவிட்டது, அங்கே நண்டு ஊர்ந்துகொண்டிருக்கும்.

அறிகுறி: வெள்ளம் வந்த வாரத்தில் கழியே காணவில்லை

இந்தப் பிழையைத்தான் நான் மிகவும் மோசமானது என்பேன். மற்றவை இல்லாத கலங்கலை உண்டாக்குகின்றன. இது இருக்கிற கலங்கலை அழிக்கிறது.

வடகிழக்குப் பருவமழையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேகமற்ற படம் கிடைப்பதே அரிது. அரிதாகக் கிடைத்த படத்தில், காப்பிநிறத்தில் பொங்கி வரும் ஆற்று நீரை, ஒவ்வொரு பிக்சலும் நீரா நிலமா மேகமா என்று குறிக்கும் சென்2கோரின் வகைப்பாட்டு அடுக்கு வெற்று மண் என்றோ மேகம் என்றோ எழுதிவிடுகிறது. பச்சையையும் அண்மை அகச்சிவப்பையும் ஒப்பிடும் நீர்க் குறியீடும் சேற்று நீரை நிலம் என்று தள்ளிவிடும். ஆண்டிலேயே மிகவும் கலங்கிய நாள் இப்படிக் கணக்கிலிருந்து நழுவிவிடும். மாதச் சராசரி சாந்தமாக, அழகாக வரும்.

தீர்வுகள்: அண்மை அகச்சிவப்புக்குப் பதிலாக 1610 நானோமீட்டரை வைத்து நீர்க் குறியீட்டைக் கணக்கிடுங்கள், சேற்று நீரும் அந்த அலைநீளத்தில் இருண்டே இருக்கும். கழியின் எல்லையைத் தெளிந்த மாதத்தில் ஒருமுறை வரைந்து, அதையே ஆண்டு முழுவதும் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் நீரைப் புதிதாகக் கண்டுபிடிக்கச் சொல்லாதீர்கள். மழை மாதப் படங்களைக் கண்ணால் பாருங்கள். எண்ணிக்கை குறைவுதான், ஒரு தேநீர் நேரத்தில் முடிந்துவிடும். வெள்ளத்தோடு மேலிருந்து வரும் ஆகாயத்தாமரையை அப்போதே பிடித்துவிடலாம். படத்தில் அது பாசி மலர்ச்சிபோல் நடிக்கும்; ஆனால் அண்மை அகச்சிவப்பில் புல்வெளியின் வெளிச்சம் தரும்.

அறிகுறி: செயற்கைக்கோள் ‘தெளிவு’ என்கிறது, கழியில் தட்டை இறக்கினால் உடனே மறைகிறது

தட்டு என்பது செக்கி தட்டு. இத்தாலியப் பாதிரியார் ஆஞ்சலோ செக்கி 1865இல் மத்தியதரைக் கடலில் கப்பலிலிருந்து வெள்ளைத் தட்டை இறக்கிப் பார்த்த முறை இன்றும் மாறவில்லை. கழிக்கு 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள தகடு போதும்: கால் பங்கு கறுப்பு, கால் பங்கு வெள்ளை என்று மாறி மாறி வண்ணம். நடுவில் துளை, அடியில் எடைக்கல், பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட நீளாத கயிறு. படகின் நிழல் விழும் பக்கத்தில் இறக்க வேண்டும். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும். மறையும் முடிச்சையும், மேலே இழுக்கும்போது மறுபடி தெரியும் முடிச்சையும் குறித்துச் சராசரி எடுக்க வேண்டும்.

காட்டுக்குப்பத்துப் படகோட்டி அண்ணன் ஒருவர் கயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “தம்பி, கயிறு சாய்கிறது. நீங்கள் எண்ணுவது ஆழம் இல்லை, ஓட்டம்.” ஓதம் வற்றும் வேகத்தில் தட்டு நேரே கீழே போகாது, முடிச்சுகள் கூடுதலாக எண்ணப்படும். எடையைக் கூட்டுங்கள், அல்லது படகை ஓட்டத்தோடு மிதக்க விட்டு அளந்து பாருங்கள்.

இதையெல்லாம் சரியாகச் செய்தும் முரண்பாடு நீடித்தால் நீரின் நிறத்தைப் பாருங்கள். கறுத்திருக்கிறதா? கலங்கல் சூத்திரம் திரும்பி வரும் ஒளியை மட்டும் எண்ணுகிறது. கழிவுநீரில் கரைந்திருக்கும் கரிமப் பொருள் ஒளியைத் திருப்பாது, விழுங்கும். விழுங்கினால் செயற்கைக்கோளுக்கு எண் குறைவு. குறைந்த எண்ணைச் சூத்திரம் தெளிவு என்று படிக்கிறது. தட்டோ, ஒளி சிதறினாலும் விழுங்கப்பட்டாலும் மறைந்துவிடும். இந்த இடத்தில் தட்டுதான் சரி. நீலம், பச்சை, சிவப்பு மூன்றுமே தாழ்ந்து கிடக்கும் பிக்சல்களைத் ‘தெளிவு’ என்ற வண்ணத்தில் காட்டாமல் தனி வண்ணத்தில் காட்டுங்கள். எண்ணெய்ப் படலத்துக்கும் இது பொருந்தும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு இந்தக் கழியில் எண்ணெய் பரவியதே, அதுபோன்ற நாள்களில் எந்தக் கலங்கல் சூத்திரத்துக்கும் பொருள் கிடையாது. படலம், ஒளி விழும் கோணத்தைப் பொறுத்து இருண்டும் தெரியும், மினுங்கியும் தெரியும்.

முரண்பாட்டுக்குச் சில்லறைக் காரணங்களும் உண்டு. கலங்கல் மானி என்.டி.யு. காட்டுகிறதா, எஃப்.என்.யு. காட்டுகிறதா என்று பாருங்கள். முன்னது வெள்ளை ஒளியில் அளப்பது, பின்னது அகச்சிவப்பில் அளப்பது. கறுத்த நீரில் இரண்டும் ஒத்துப்போகாது. திறந்த கடலில் செயற்கைக்கோள் கடந்த மூன்று மணி நேரத்துக்குள் எடுத்த மாதிரியை ஏற்றுக்கொள்வார்கள். கழியில் அது செல்லாது. ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

அறிகுறி: சென்டினலும் லேண்ட்சாட்டும் ஒத்துப்போகவில்லை

ஒத்துப்போகாது. அமெரிக்கச் செயற்கைக்கோளான லேண்ட்சாட்டின் பிக்சல் 30 மீட்டர், சிவப்புப் பட்டையின் மையமும் வேறு. கழியின் அகலமான பகுதியில் மட்டும் இரண்டையும் ஒப்பிடுங்கள். தனித்தனி வரைபடமாக வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

அறிகுறி: எல்லாச் சோதனையும் முடிந்தது, எண் இன்னும் உயர்ந்தே நிற்கிறது

அப்படியானால் நீர் கலங்கியிருக்கிறது. இனி எதனால் என்று பாருங்கள். 705 நானோமீட்டர் எதிரொளிப்பு சிவப்பைவிட உயர்ந்திருந்தால் பாசிப் பக்கம் போங்கள். நீலத்திலிருந்து சிவப்பு வரை படிப்படியாக ஏறினால் ஆற்று வண்டல். எல்லாப் பட்டைகளும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் சாம்பல் நிறமாக இருந்தால், அனல்மின் சாம்பல் என்ற ஐயம் நியாயமானது. ஆனால் ஐயத்தைத் தாண்டி அந்தப் பட்டைகளால் எதையும் சொல்ல முடியாது. கலங்கலின் வால் எங்கே தொடங்குகிறது என்று ஓட்டத்துக்கு எதிராகப் பிக்சல் பிக்சலாகத் தேடி, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, படத்தின் நாள், நேரம், திதி ஆகியவற்றை எழுதிக்கொண்டு, அடுத்த வற்றத்துக்குள் அங்கே போய் இரண்டு பாட்டில் நீர் எடுங்கள். ஒன்று ஆய்வகத்துக்கு. மற்றொன்றை அசைக்காமல் வையுங்கள். அடியில் படிவதை விரலால் தேய்த்துப் பார்க்கலாம்.